உன் கையெழுத்தில் அறுபது ரூபா

இன்று பின்னேரம் உன் வயலின் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. உன்னிடம் படித்த வதனி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பெட்டி. உன் அம்மா அதை அவளுக்கே கொடுத்துவிட்டாராம். மூடியைத் திறந்ததும் ரோசின் மணம் மூக்கில் ஏறியது. வில்லுக்குப் பூச ஊரெல்லாம் தேடி ஒரே ஒரு கட்டி கிடைத்ததே, அதை உங்கள் குசினியில் வைத்துப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டினோமே, அதில் உன் பாதி.

மணத்தோடு கோபமும் வந்தது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்று என் அம்மா சொல்கிறார். நீ உயிரோடு இருந்தபோது நான் கோபித்து முடிக்கவில்லை. முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

சங்கீத ரீச்சர் கொழும்புக்குப் போன பிறகு, நம் ஒழுங்கையில் சங்கீதப் பரீட்சையில் நாலாந்தரம் பாஸ் பண்ணியவர்கள் நாம் இரண்டு பேர்தான். தாய்மார் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, என்ன தர வேண்டும் என்று கேட்டார்கள். ரீச்சர் ஒருநாளும் விலை சொன்னதில்லை. விரும்பியதை வெற்றிலைக்குக் கீழே வைக்கச் சொல்வார். குறைய வைத்தவர்களின் பிள்ளைகள் இரண்டு வருடமாகச் சரளி வரிசையே வாசித்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அதனால்தான் விலையை முதலே எழுதிவிட வேண்டும் என்றேன். உனக்கு வெட்கமாக இருந்தது.

"நாங்கள் என்ன, சந்தையிலை வெங்காயமே விக்கிறம்?" என்றாய்.

"வெங்காயம் விக்கிறவை விலை சொல்ல வெக்கப்படுறேல்லை. வாங்கிறவையும் கோவிக்கிறேல்லை," என்றேன்.

நீ சிரித்துவிட்டுப் பழைய கலண்டர் மட்டையைக் கிழித்து எடுத்தாய். மருதனார்மடத்துக் கணக்கு ரியூசனில் நூறு பேரை ஒரு கொட்டிலுக்குள் இருத்தி மாதம் எழுபத்தைந்து வாங்குகிறார்கள். நாம் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் நமக்கு நாலாந்தரம் மட்டுந்தான். அதற்குப் பதினைந்தைக் கழித்தோம். பின்னேரம் முழுவதும் வாதாடி வந்த விலை அது. உன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினாய்: பிள்ளை ஒன்றுக்கு மாதம் அறுபது ரூபா. கிழமைக்கு இரண்டு வகுப்பு. ஒரே வீட்டின் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. குறைப்பதானால் இருவரும் சேர்ந்தே குறைப்போம். கீழே இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். மட்டையை நான் எடுத்து வந்தேன்.

எனக்கு அந்தக் காசு எதற்கு என்று உனக்குத் தெரியும். சண்டையால் பாதை அடைபட்ட பிறகு வயலின் தந்தி கடைகளுக்கு வருவதில்லை. கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போய் வரும் ஒருவர் ஒரு செற் தந்தி கொண்டு வந்து தருவதாகச் சொன்னார். அவர் சொன்ன விலைக்கு ஆறு பிள்ளைகளின் ஐந்து மாதக் காசு வேண்டும். ஐந்தாந்தரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. அதுவரைக்கும் என் வயலினில் முதலாம் தந்தியாகப் பூட்டியிருந்தது சைக்கிள் பிறேக் கம்பியிலிருந்து உருவிய ஒரு இழை. உனக்கு உன் அண்ணை கனடாவிலிருந்து ஆரிடமோ கொடுத்துவிட்ட புதுத் தந்தி இருந்தது.

மூன்றாம் மாதம் என்னிடம் படித்த ஆறு பிள்ளைகளில் இரண்டு பேர் வரவில்லை. ஒரு தாயைத் தண்ணீர்க் குழாயடியில் கண்டு கேட்டேன். நீ ஒருவரிடமும் காசு வாங்காமல் படிப்பிக்கிறாய் என்றார். "அந்தப் பிள்ளைக்குப் பெரிய மனசு," என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அடுத்த கிழமைக்குள் என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு பிள்ளை. அவளும் உங்கள் வீடு தூரம் என்பதால்தான் நின்றாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். நீ முற்றத்தில் நின்றாய்.

"எனக்குக் காசு வாங்க மனம் வரேல்லையடி," என்றாய். மட்டையைப் பற்றிக் கேட்டேன். நீ காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாய்.

பரீட்சை அன்று வர்ணத்தின் பாதியில் என் பிறேக் கம்பி அறுந்து விரலைக் கிழித்தது. பரீட்சகர் நல்ல மனிதர். மாற்றுத் தந்தி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அடுத்த பிள்ளை நீ. நான் வெளியே மர வாங்கில் இருந்து விரலைச் சூப்பிக்கொண்டு நீ வாசித்ததை முழுவதும் கேட்டேன். நன்றாக வாசித்தாய். அதையும் நான் மறக்கவில்லை. நவராத்திரிக்குக் கோயிலில் உனக்கு மாலை போட்டு, கலையை விற்காத பிள்ளை என்று புகழ்ந்தார்கள். விற்கிற பிள்ளை தூணோடு நின்றேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை.

உன் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்று உன் அம்மா என்னைக் கூப்பிட்டார். வீடு வீடாகக் கொடுக்கிற அந்த நினைவுப் புத்தகத்தில் சிநேகிதியாக நான் ஒரு பக்கம் எழுத வேண்டும், அச்சகத்துக்குப் போய் எழுத்துப் பிழையும் பார்க்க வேண்டும். "உன்னைத்தான் நம்பியிருக்கிறன், பிள்ளை," என்றார். ஓம் அன்ரி என்றேன். உன் குணத்தைப் பற்றி அழகாக எழுதினேன். பக்கத்தின் முடிவில், நீ உன் கையால் எழுதிய தீர்மானம் என்று சொல்லி, மட்டையிலிருந்த நாலு வரியையும் அப்படியே சேர்த்தேன். அச்சுக்கோப்பவர் நிமிர்ந்து பார்த்தார். போடுங்கோ என்றேன். கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி, உன்னிடம் இலவசமாகப் படித்த ஒவ்வொரு வீட்டுக்கும் அறுபது ரூபா போய்ச் சேர்ந்தது. உன் படத்துக்கு அடுத்த மூன்றாம் பக்கத்தில்.

அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது. அடுத்த மாதம் தாய்மார் ஒவ்வொருவராக என் வீட்டுக்கு வந்தார்கள். குழாயடித் தாயும் வந்தார். அந்தப் பிள்ளை காசு கேட்டதில்லை என்று தொடங்கினார். நான் உள்ளே போய் மட்டையை எடுத்து வந்து காட்டினேன். கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும். காசை எண்ணித் தந்தார்.

இன்று வதனியின் தாய் வந்தார். தோட்டங்களில் வெங்காயம் கிண்டுகிற கூலி வேலை அவருக்கு. சேலைத் தலைப்பிலிருந்து அறுபது ரூபாவை அவிழ்த்து நீட்டினார்.

"புத்தகத்திலை அந்தப் பிள்ளையே எழுதியிருக்கிறா எண்டு வாசிச்சுக் காட்டிச்சினம். கோழி ரெண்டை வித்துக் கொண்டந்தனான், ரீச்சர்."

நீ முன்பு ஏன் காசு வாங்கவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"என்ரை பிள்ளையிட்டை மட்டும் வாங்காட்டி மற்றதுகள் பழிக்குங்கள் எண்டு ஒருத்தரிட்டையும் வாங்கேல்லை. ஆருக்கும் சொல்லக் கூடாதெண்டும் சொன்னவ."

ஆருக்கும் என்றால் எனக்குமா? நீ அந்த முற்றத்தில் இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். உனக்கு ஒரு பிள்ளையின் மானம் பெரிதாக இருந்தது. சரி. அதற்காக என் தந்தியை ஏன் அறுத்தாய்?

நான் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வழி கண்டுபிடித்துவிட்டேன். பழைய கொப்பித் தாளில், சோற்றுப் பசை பூசி, வதனியோடு சேர்த்து இப்போது என்னிடம் படிக்கிற ஏழு பேருக்கும் ஏழு கடித உறை செய்தேன். இனி ஒவ்வொரு பிள்ளையும் மாதம் முதல் வகுப்பில் ஒட்டிய உறையைத் தட்டத்தில் வைக்க வேண்டும். ஒன்றுக்குள் வெறுந்தாள் இருக்கும். எது என்று எனக்கும் அந்தத் தாய்க்கும் மட்டும் தெரியும். கோழிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பார்த்தாயா, ஏழு உறைதான். நீ கேட்டிருந்தால் மட்டையின் ஐந்தாம் வரியாக அதையும் எழுதியிருப்போம். கீழே இடம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் நான் என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உன்னைவிட நன்றாக யோசித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

அவர்கள் போன பிறகு என் பாதி ரோசினை எடுத்து உன் பாதியோடு சேர்த்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பிள்ளைகளின் வில்லுகளுக்கெல்லாம் பூசிப் பூசி உன்னுடையது பாக்குச் சீவல் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. என்னுடையது ஏறக்குறைய வெட்டியபடியே இருக்கிறது. அத்தனை மாதம் பிள்ளைகள் வராத வீட்டில் அது எப்படித் தேயும்? புதன்கிழமை தொடக்கம் வதனிக்கு என்னுடையதைத்தான் பூசப் போகிறேன். உன்னுடையதை அவளிடம் கொடுக்க மாட்டேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீ எனக்குத் தர வேண்டியதில் கையில் கிடைத்தது அவ்வளவுதான்.