பதக்கத்தை என் பெயருக்கு அனுப்பாதே

ஹெல்லவிக் தீவு,
டிசம்பர் 3.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தோர்கில் எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் நலம்தானே? சின்னவளுக்கு இருமல் என்று செய்தித்தாளில் பார்த்தேன். 'மாட்சிமை பொருந்திய அரசியார் அவர்களுக்கு' என்று முறைப்படி ஆரம்பித்த தாளைக் கிழித்துவிட்டேன். இது அரசிக்கு எழுதும் கடிதம் இல்லை.

இங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. என் கப்பல் தினமும் நான்கு முறை தீவுக்கும் கரைக்கும் போய் வருகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் அரண்மனையிலிருந்து கடிதம் வந்தது. மூழ்கிய மீன்பிடிப் படகிலிருந்து ஒரு தகப்பனையும் மகளையும் காப்பாற்றியதற்காக எனக்கு வீரப் பதக்கமாம். கீழே உன் கையெழுத்து. நான் இங்கே வந்த இந்த எட்டு வருடத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் கையெழுத்து அதுதான். அதற்காகவே வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பதக்கத்தை நான் வாங்க முடியாது, அக்கா.

அன்று மதியம் கப்பலில் நாற்பத்தொரு பயணிகள் இருந்தார்கள். காற்று திடீரென்று திரும்பியது. கண்ணுக்கெதிரே அந்தப் படகு கவிழ்ந்தது. தண்ணீரில் மூன்று தலைகள் தெரிந்தன: மீனவர், அவர் மகள், அவர் தம்பி யோஸ்டெய்ன். நான் கப்பலைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பினால் அலை பக்கவாட்டில் அடிக்கும், நாற்பத்தொரு பேரும் போய்விடுவார்கள் என்று பயந்தேன். திருப்பவில்லை. திருப்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுக்கானைப் பிடித்தபடி நான்கு நிமிடம் சும்மா நின்றேன்.

சுக்கான் அறையில் என்னோடு தனியாக இருந்த துணை மாலுமி குன்வோர்தான் என்னைத் தோளால் இடித்துத் தள்ளினாள். "நகருங்க, கேப்டன்" என்றாள், அவ்வளவுதான். கப்பலைத் திருப்பியது அவள். இரண்டு பேரை வலைபோட்டுத் தூக்கினோம். யோஸ்டெய்ன் கிடைக்கவில்லை.

ஏன் நின்றேன் என்று பல நாள் யோசித்தேன். கடற்படையில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். எந்தக் கப்பலுக்கு அனுப்பினாலும் என் பக்கத்தில் அனுபவமுள்ள ஓர் அதிகாரியை நிறுத்தியிருந்தார்கள். உத்தரவு அவர் வாயிலிருந்து வரும், பாராட்டு என் பெயருக்கு வரும். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அரியணைக்குத் தேவைப்படுவேன் என்று என்னைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். உனக்கு மூன்றாவது குழந்தை பிறந்ததும் அந்தத் தேவையும் முடிந்தது. கொடி ஏற்ற, கட்டடம் திறக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்றுதான் கேப்டன் பரீட்சை எழுதி இந்தக் கப்பலுக்கு வந்தேன்.

இங்கே வந்த முதல் நாளே குன்வோர், "இங்க கிரீடம் வச்சா காத்துல பறந்துடும். கம்பளித் தொப்பியா போட்டுக்கோங்க" என்றாள். சமையல்காரர், "இளவரசே, உருளைக்கிழங்கு உரிக்கத் தெரியுமா, இல்ல அதுக்கும் ஆள் வேணுமா?" என்று கேட்பார். சாப்பாட்டு மேஜையில் இடித்துக்கொண்டு உட்காருவோம். இரண்டு பேரைக் காப்பாற்றியவன் என்று செய்தித்தாள்களில் என் படம் வந்ததிலிருந்து யாரும் கிண்டல் செய்வதில்லை. நான் உட்கார்ந்தால் இருபக்கமும் இடம் விடுகிறார்கள். அவித்த மீனை எனக்குத்தான் முதலில் வைக்கிறார்கள்.

யோஸ்டெய்னின் மனைவி மாலன் எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருந்தாள். என் கணவர் போனாலும் அவர் அண்ணனையாவது மீட்டுக் கொடுத்தீர்களே, நன்றி என்று. அதைப் படித்த பிறகுதான் குன்வோரிடம் கேட்டேன், நடந்ததை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னாள்: "எனக்கு வீடு நிறைய ஆளுங்க இருக்காங்க. உங்களுக்கு இந்தக் கப்பல் மட்டும்தானே இருக்கு. அதையும் எப்படிப் பிடுங்குறது?"

நேற்றுக் காலை தீவு வானொலி நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். இன்று உனக்கும் செய்தி வந்திருக்கும். அரண்மனைக்குச் சங்கடம் என்று தெரியும். மன்னித்துக்கொள். கப்பல் நிறுவனம் விசாரணை வைக்கப்போகிறது. அதற்குப் பிறகும் சுக்கானை என்னிடம் விட்டுவைப்பார்களா, தெரியாது.

நேற்று மதியக் கப்பலில் மாலன் ஏறினாள். நேராக என்னிடம் வந்தாள். "நாலு நிமிஷம் முன்னாடி திருப்பியிருந்தா அவர் இருந்திருப்பாரா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். கரை வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. சமையல்காரர் சாயங்காலம் என்னோடு பேசவே இல்லை. குன்வோர் மட்டும், "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுவீங்கல்ல?" என்றாள். வருவேன் என்றேன்.

அக்கா, நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அந்தப் பதக்கத்தைக் குன்வோருக்குக் கொடு. தபாலில் அனுப்பிவிடாதே, அவளைக் கூப்பிட்டு உன் கையால் கொடு. வேண்டாம் என்பாள், விடாதே. நான் விழாவுக்கு வரவில்லை.

புயலில் நடுங்காதவள் அவள். அந்தப் பெரிய மண்டபத்தில் அத்தனை பேர் நடுவே அவளுக்குக் கை நடுங்கும். பதக்கத்தைக் குத்திவிட்டு உடனே அடுத்தவரிடம் நகர்ந்துவிடாதே. அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள். நம் வீட்டில் யாரும் யார் கையையும் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை, எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் பிடித்துக்கொள், அக்கா.

நீ நன்றாக இரு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் தம்பி,
தோர்கில்