தொட்டி கழுவிய தண்ணீரால் எழுந்த வளைவு

மழை மறந்த மூன்றாம் ஆண்டிலும் குடி கலையாத வெண்குன்ற நாட்டின் அரசர் நெடுவேளார் ஆணையால், கட்டுமானப் பேரமைச்சர் ஆதன் கொற்றனார் விடுக்கும் ஓலை. கருங்கரை மதகுப் பணியை நடத்தும் மாராயர் விண்ணனார் காண்க. உமது ஏரி நிறைக. உமது குடிகளின் அடுப்பு அணையாதிருக்க.

சுண்ணாம்புக் காரை கலக்கும் சேந்தி என்பவள், காரைத் தொட்டி கழுவிய கழிவுத் தண்ணீரை அரசர் மதகில் கலந்து கறைப்படுத்தினாள், விலங்கிட்டு அனுப்பவா என்று எழுதியிருந்தீர். அமைச்சராகிய யாமே வந்தோம். யாம் கல் சுமந்தவளின் மகன். காரையைத் தொட்டாலே அதன் பலம் அறிவோம்.

விசாரித்ததில் தெரிந்தது இது. இருந்த ஒரே கிணற்றின் தண்ணீரில் காரைக்கு முதற்பங்கு, வாய்க்கு மிச்சம் என்று வகுத்தீர். பங்குனியில் சேந்தியின் மூன்று வயது மகள் நா வறண்டு இறந்தாள். மறுநாளே சேந்தி வேலைக்கு வந்தாள். அந்திதோறும் தொட்டி கழுவித் தரையில் கொட்டும் வெண்தண்ணீரை அன்றுமுதல் குழியில் தேக்கினாள். அடிச்சேற்றோடு கலந்த முதற்காரை நகம் பட்டு உதிர்ந்தது. அதை அவளே உடைத்தெறிந்தாள். பிறகு விடியும்வரை தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மொண்டு கலந்தாள். மிஞ்சிய கிணற்றுத் தண்ணீர் நாற்பது பேர் தொண்டையை நனைத்தது.

யாம் கேட்டபோது அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்: “செவுரு தாகமுன்னு அழுவுதாங்க சாமி? அதுக்குக் கழுவுன தண்ணியே போதும். என் புள்ளைக்கு அது ஆவாதே.”

பக்கத்தில் நின்ற கொத்தன் மாறாடி, “மாராயரு குளிக்கிற தண்ணிக்கு ரெண்டு மதகு கட்டலாமே!” என்றான். சிலர் சிரித்தனர். சேந்தி சிரிக்கவில்லை.

மதகின் வளைவைத் தாங்கிய மர முட்டுகளை எடுக்கும்போது, காரை கலந்தவர் அதன் கீழ் நிற்பது பணியிட வழக்கம். வேண்டாம் என்றோம். அவள் போய் நின்றாள், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முட்டுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. வளைவு நின்றது. அவள் வெளியே வந்து, தொட்டியைக் கழுவப் போனாள்.

ஆகவே ஆணை. சேந்தியின்மேல் குற்றமில்லை. கிணற்றுத் தண்ணீர் முதலில் வாய்க்கு. தொட்டி கழுவியது இனி நிலத்தில் விழலாகாது, இரு குழிகள் வெட்டித் தெளியவிட்டு மேல்தண்ணீரைக் காரைக்கு மொள்ளுக, அடிச்சேறு சேரலாகாது. இதைக் கிணற்றடியில் எல்லாரும் கேட்க உமது வாயாலேயே வாசிப்பீர்.

இரண்டாம் வளைவும் இத்தண்ணீராலேயே எழுக. அதன் முட்டு எடுக்கும் நாளில் சேந்தி கீழே நிற்கவேண்டாம். மாராயரே, நீர் நிற்பீர்.

அரக்கில் மேழி முத்திரை பதித்தோம். மறுமொழி வேண்டுவதில்லை.