மூன்று தட்டு

1936, மாசி 8
வெயில் ஏறிவிட்டது. மிளகாய் காயப் போட்டேன். பல்லடத்துத் தரகர் வந்தார். மகளைப் பெண் பார்க்க ஞாயிறன்று வருகிறார்களாம். மாப்பிள்ளையின் தாயார் மயிலாத்தாள், ஆனைமலைக் காட்டு ஃபாரஸ்டர் மகள், பெரிய இடமாம்.
எனக்குச் சிரிப்பு. "மகராசியா வரச் சொல்லுங்க" என்றேன்.

மாசி 9
புளி கொட்டை எடுத்தேன். நினைப்பெல்லாம் காட்டில்.
சின்ன வயதில் நாங்கள் இருந்த லயனில் வரிசையாக ஆறு வீடு. என்னைப் பெற்ற ஐயன் ஃபாரஸ்டருக்குக் கீழே காட்டுக் காவல், கார்டு வேலை. சாயங்காலம் முறை வைத்து ஒரு வீட்டுப் பிள்ளை தகரத்தோடு காவல். மூன்று தட்டு என்றால் ஆனை. போட்டது போட்டபடி ஓடிக் கதவைத் தாழ் போட வேண்டும்.
அன்று என் முறை. இந்த மயிலாத்தாள், அன்றைக்கு மயிலு, கோலைப் பிடுங்கி மூன்று தட்டினாள், விளையாட்டுக்கு. ஓடையில் துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து பாறையில் விழுந்தாள். வலக்கை முறிந்தது. கடைசி வரை நிமிரவில்லை. மயிலு கோலை என் கையில் திணித்து, "பாவாயிதான் தட்டுனா" என்றாள். ஃபாரஸ்டர் மகள் சொன்னால் சொன்னதுதான். அம்மாவே நம்பினாள். கோணக் கையால் சோறு உண்ணும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை.

மாசி 10
வாங்கியது: சர்க்கரை, வெற்றிலை, பழம், காலி எண்ணெய்த் தகரம்.
கடைக்கார பாய்: "காலித் தகரம் எதுக்குங்க அம்மணி?"
"சம்பந்திக்கு மேளம் வாசிக்கோணுங்க பாய்."

மாசி 11
வந்தாள். சரிகைச் சேலை. என்னை அடையாளம் தெரியவில்லை. காட்டைப் பற்றிக் கேட்டேன்.
"நாங்க பங்களாவுல இருந்தமுங்க. லயன் ஆளுககூடப் பழக்கமில்லீங்க."
வாசலில் எல்லோருக்கும் பலகாரம் வைத்தேன். கொல்லைக்குப் போய் மூன்று தட்டினேன்.
தட்டம் பறந்தது. சேலையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். புருசன், மகன், தரகர் எல்லாரும் வெளியே. "ஆனை! ஆனை! உள்ள வாங்க!" என்று கத்தல் வேறு.
ஓடி வந்து வெளிச் சங்கிலியை மாட்டினேன்.
"ஆனையெல்லாம் இல்ல மயிலு. பாவாயி. கார்டு மக. அன்னைக்கு யாரு தட்டுனது? சொல்லிப்போட்டு வெளிய வா."
"சங்கிலியை எடு கண்ணு. எல்லாரும் பாக்கறாங்க."
"பாக்கட்டும். கேக்கவும் கேக்கட்டும்."
உள்ளிருந்து கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "நாந்தான்."
"வாசலுக்குக் கேக்கல."
"நாந்தான் தட்டுனேன்!"
திறந்துவிட்டேன். பெண் கொடுப்பதாக இல்லை என்று சொல்லி, வெற்றிலை வைத்துக் கொடுத்து அனுப்பினேன். மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.
அம்மா போய் இரண்டு வருடம். அதற்கு முன்னமே வந்திருக்கக் கூடாதா, மயிலு.