பீரோவும் வெள்ளை முகமூடியும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்துவிட்டேன். உன் அம்மா நலம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். நானும் உடம்பளவில் நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது லைன் கட்டாகிவிட்டது என்று உன் அம்மா உன்னிடம் சமாளித்தாளாம். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். பெரியப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், ஒரு தடவை போய்ப் பாருங்கப்பா என்று நீ சொன்னதற்காக அல்ல. அதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். அந்த மல்யுத்தப் புத்தகத்தைப் பெரியப்பா எனக்குக் காட்டலப்பா, நான்தான் அவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன் என்றாயே, அதற்காக. இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறாய்.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, என் பக்கத்தை எழுதிவிடுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி லேத் பட்டறை வைத்தவர் என் அண்ணன். இரண்டு பட்டம் வாங்கி நூலகத்தில் பத்திரிகைப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் அப்பா முதலில் அவரைத்தான் கூப்பிட்டு நிறுத்துவார், இவன் சின்னவன், ஏதோ புத்தகம் அடுக்குறான் என்று என்னைச் சொல்லி முடிப்பார். கேபிள் டிவியும் அவர் வீட்டில்தான் முதலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மல்யுத்தம் பார்க்க நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாய். உன் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ், கோணமானி எதுவும் இருக்காது, வீரர்களின் கார்டுதான் இருக்கும், உயரம், எடை, மார்பளவு எல்லாம் உனக்கு மனப்பாடம். பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வரும் பெரியப்பா சோபா அழுக்காகிவிடும் என்று தரையில் செய்தித்தாளை விரித்து உட்காருவார். டிவியில் மோதும் வீரர்களுக்கெல்லாம் நாம்தான் பெயர் வைத்தோம். அசையாத அந்த ராட்சதனுக்குப் பீரோ என்று பெயர் வைத்தது நீதான். பீரோவ நகத்துடா, நகத்துடா, கீழ காசு கிடக்கு பாரு என்று அவர் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நிற்பார். பெரியப்பாவின் ஆள் வெள்ளை முகமூடி. அவன் அடி வாங்கும்போதெல்லாம் தன் கன்னத்தைத் தடவிக்கொள்வார். எனக்கும் அந்த ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அது எனக்குப் போதவில்லை, அவர் வீட்டில் நான் ஜெயிக்க வேண்டும். நம் ஊரில் காட்டிய ஆட்டமெல்லாம் வெளிநாட்டில் நடந்து ஒரு வருஷம் ஆனவை. நூலகத்துக்குக் கப்பல் தபாலில் வரும் மல்யுத்தப் பத்திரிகை மூன்று மாதம் தாமதமாக வந்தாலும் டிவிக்கு ஒன்பது மாதம் முந்தி. கட்டைப் பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. முத்திரை குத்துவதற்கு முன்பே படித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கால் மேல் கால் போட்டுக்கொண்டு இன்றைக்கு இவன்தான் என்பேன், அப்படியே நடக்கும். எங்கப்பா சொன்னா சொன்னதுதான் என்று நீ பெரியப்பாவின் தோளில் குத்துவாய். உன் தம்பி படிச்சவருப்பா, காலப் பாத்தே கணக்குப் போடுறாரு என்று தையல்காரர் சொன்னார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அவர் எனக்கு ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

பீரோவும் வெள்ளை முகமூடியும் மோதிய நாள். வெள்ளை முகமூடி தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்பது நிபந்தனை. நீ சொல்லுடா, யாரு என்று அண்ணன் கேட்டார். பீரோ என்றேன். அப்படியே முடிந்தது, முகமூடி போய் வழுக்கைத் தலையோடு அவன் அழுதான். நான் சிரித்துக்கொண்டே திரும்பினால் நீ என் பக்கத்தில் இல்லை. நான் இனிமே பெரியப்பா பக்கம் என்று சொல்லிவிட்டுத் தரையில் போய் உட்கார்ந்துவிட்டாய். மறுநாள், சரிபார்க்க வீட்டுக்கு எடுத்துவந்த பழைய பத்திரிகையைத் திருப்பி வைக்க என் பையிலிருந்து எடுத்தபோது அந்த ஆட்டத்தின் பக்கத்தில், அவன் அழும் படத்தின் மேலேயே, ஒரு கட்டைவிரல் கிரீஸ் கறை. கறை பார்ப்பது என் தொழில். காபிக் கறையா, தலை எண்ணெயா என்று பார்த்தவுடன் சொல்வேன். நேரே பட்டறைக்குப் போனேன். என் பையைக் குடைந்து, குழந்தையிடம் காட்டி, அப்பன் ஏமாத்துக்காரன் என்று சொல்லிக்கொடுத்தாயா என்று வேலையாட்கள் முன்னால் கேட்டேன். அவர் லேத்தை நிறுத்தினார், கையைத் துணியில் துடைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றதையே நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த வாசற்படி மிதிக்கவில்லை, உன் கல்யாணத்தில்கூட அவர் நின்ற பக்கம் நான் நிற்கவில்லை.

இப்போது நீ சொல்கிறாய், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே நீதான் எடுத்துக்கொண்டு ஓடினாயாம். அவர் விரலைத் துடைக்காமல் தொட்டுவிட்டு, ஐயோ என்று துடைக்கத் துடைக்கப் பெரிதாயிற்றாம். உங்கப்பனுக்கு ஜெயிக்கிறதுன்னா ரொம்ப ஆசடி, ஜெயிச்சிட்டுப் போறான், நீ பாக்கவே இல்லன்னு வச்சுக்கோ என்றாராம். அப்படியானால் தன் ஆள் தோற்கப்போகிறான் என்று தெரிந்துதான் அந்த ஞாயிறு வந்து உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தேதான் என்னிடம் யாரு என்று கேட்டிருக்கிறார். உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று பட்டறையில் என் பேச்சையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது. ஒன்பது வயதில் பயந்தாய், சரி, பத்தொன்பதில் என்ன பயம். ஆனால் இதை எழுதும்போதே தெரிகிறது, சொல்லியிருந்தாலும் அப்போது நான் நம்பியிருக்க மாட்டேன்.

நேற்று போனேன். அண்ணி கதவைத் திறந்து, வாங்க தம்பி, வழி தெரிஞ்சுதா என்றார். அண்ணனுக்கு வலது பக்கம் முழுக்க வராது, பேச்சு குழறுகிறது, அண்ணிக்குத்தான் புரிகிறது. இடது கையால் கட்டிலைத் தட்டினார், உட்கார்ந்தேன். டிவியில் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது, இப்போதெல்லாம் அங்கே நடக்கும்போதே இங்கே தெரிகிறது, ஒருவனையும் எனக்குத் தெரியவில்லை. அவர் ஏதோ சொன்னார். யாரு ஜெயிப்பான்னு நீங்க சொல்லணுமாம் என்றார் அண்ணி. சிவப்பு உடுப்புக்காரன் என்றேன் சும்மா. இரண்டே நிமிஷத்தில் சிவப்பு உடுப்புக்காரனைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே எறிந்துவிட்டார்கள். அண்ணன் பாதி வாயால் சிரித்தார், தோள் குலுங்கியது. பக்கவாதம் வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு என்று அண்ணி முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டார். ஒன்றேகால் மணி நேரம் இருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். மருந்து வேளைக்குக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது வாதம் வந்தால் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். நாளைக் காலை மறுபடியும் போகிறேன். அவரால் பதில் பேச முடியாது என்பது தெரியும், அன்றும் அவர் பேசவில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் காட்டிவிடு. பெரியப்பாவுக்குப் போன் போட்டால் அவர் பேசவில்லையே என்று வைத்துவிடாதே, நீ பேசு, கேட்கிறார்.

கீழே உன் அன்புள்ள அப்பா என்று எழுதப் பேனாவை வைத்தேன். அப்படி எழுதிவிட்டால் இதுவே மன்னிப்புக் கடிதமாகி, மன்னித்துவிட்டேன் என்று நீ உடனே பதில் போட வேண்டியதாகிவிடும், எனக்கும் பாரம் இறங்கியதுபோல் ஆகிவிடும். மன்னிக்க வேண்டியவர் இன்னும் என் வாயால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறையை ஒட்டிவிட்டு, கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் போடப் போகிறேன்.