ஐந்து நட்சத்திரங்களைத் திரும்பப் பெற

அனுப்புநர்:
தையற்காரர்,
14ஆம் எண் கடை, சந்தைக் கட்டடம், மாடிப்படி அருகில்.

பெறுநர்:
மருத்துவச் சேவைகள் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்க உதவும் இணையதளத்தில் என் பெயரில் உள்ள பாராட்டை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் கணவர் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவர். இயந்திரத்தை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். கடந்த மார்ச்சில் ஒரு நாள் காலையில் எழுந்ததும் அவருக்கு வலது காது அடைத்துக்கொண்டது. மேற்படி தளத்தில் தேடி, அறுநூறு பேர் பாராட்டியிருந்த காது மருத்துவர் ஒருவரை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

2. மருத்துவரைப் பார்க்கும் முன்பே, வரவேற்பில் இருந்த பெண் என் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, "அக்கா, அஞ்சு ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதிடுங்க, சீக்கிரம் உள்ள அனுப்பிடுறேன்" என்றார். கணவர் தலைசுற்றிச் சுவரில் சாய்ந்திருந்தார். "மிகவும் பொறுமையாகக் கேட்டு விளக்கினார்" என்று எழுதினேன். அப்போது மருத்துவரின் முகத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

3. உள்ளே இரண்டு நிமிடம். அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார். பத்து நாள் கழித்துப் போனபோது, இன்னும் பத்து நாள் போடச் சொன்னார். பிறகு பொது மருத்துவமனையில் சோதித்தவர்கள், இது நரம்புப் பாதிப்பு, முதல் சில நாட்களிலேயே வந்திருந்தால் மீள வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். அந்தக் காது இன்றுவரை கேட்கவில்லை. ஒற்றைக் காதில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாததால், இப்போது இயந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்க்கிறார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

4. நடந்ததை அதே பக்கத்தில் எழுதினேன். "ஒருவருக்கு ஒரு கருத்து மட்டுமே" என்று நீக்கிவிட்டார்கள். அப்படியானால் முதலில் எழுதியதை எடுங்கள் என்றேன். "சரிபார்க்கப்பட்ட கருத்தை மாற்ற இயலாது" என்று பதில் வந்தது. என் பாராட்டின் கீழே இதுவரை நாற்பத்தேழு பேர் "பயனுள்ளது" என்று அழுத்தியிருக்கிறார்கள்.

5. சென்ற வாரம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண், மகளுக்குக் காது இரைகிறது என்று அதே மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தார். "உங்க பேரைப் பார்த்ததும்தான் தைரியமே வந்துச்சு" என்றார். அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே மகளைப் பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சிகிச்சை நடக்கிறது.

6. இம்மனு மருத்துவர்மீது அல்ல. அது தனியே விசாரணையில் உள்ளது. காணாத வைத்தியத்தைக் கண்டதாக எழுதியவள் நான். அதை மறைக்கவில்லை.

ஆகவே, என் பாராட்டை நீக்கவும், சிகிச்சைக்கு முன்பே கருத்து வாங்குவதைத் தடுக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். நீக்க வழியே இல்லையென்றால், அதன் கீழ் என் கடை முகவரியையாவது சேர்க்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு வருகிறவர்களிடம் நடந்ததை நானே சொல்லிக்கொள்கிறேன். கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்.

நாள்: ஜூலை 9
இடம்: சந்தைக் கட்டடம்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தையற்காரர்