நாணலுக்குள் காட்டுச் சோயா

என் மச்சானுக்கு,

பழைய பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதே, உனக்கும் எனக்கும் ஒரே மாதத்தில் பெண் பிறந்ததே, அந்த வருடம்தான் ஆற்றங்கரைக் காட்டுச் சோயாவைக் காக்க விதை நிலையத்தில் நம் நால்வரையும் வேலைக்கு எடுத்தார்கள். நாணல் அடர்ந்தால் சோயாக் கொடி மூச்சுமுட்டிச் சாகும். எல்லா நாணலையும் வெட்டினால் கொடி பற்றிப் படர எதுவும் இருக்காது. அதனால் ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் இடையிலுள்ள நாணலை மட்டும் அரிவோம். "என் விரல வேணா அறு, கொடிய அறுத்துடாதடா" என்பாய்.

எனக்கு எழுத்து வராது. உன் தங்கைதான் எழுதுகிறாள்.

இந்த வருடம் கொடி கொள்ளாத காய். பார்த்தாலே வயிறு நிறைகிறது. ஆனால் நாணலும் தலைக்கு மேல் நிற்கிறது. "ஆள் இல்லையே, பாதிக் கரைய மிஷின்ல வெட்டிடலாமா?" என்று நிலையத்து அம்மா கேட்டார். வெட்டினால் கொடியும் சேர்ந்து போகும். "பொறுங்கம்மா, என் மச்சான் வருவான்" என்று சொல்லிவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, அதுக்குள்ள வாக்கு குடுத்துட்டீங்களா?" என்று உன் தங்கை எழுதிக்கொண்டே சிரிக்கிறாள்.

நம் நால்வரில் சுருட்டை முன்பே போய்விட்டான். நெட்டையன் போன கோடையில் போனான். கொடி பிடிக்கத் தெரிந்தவர்களில், என்னை விட்டால், உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான்.

உன் தங்கை வீட்டுக்காரன்