வெள்ளைக் கண்ணுக்கு ஒரு சான்றிதழ்

காஞ்சிபுரம்,
14-9-1971, செவ்வாய்

அன்புள்ள அலமுவுக்கு,

சென்ற வியாழக்கிழமை மாலை நம் தெரு வாசகசாலையின் அவசரக் கூட்டம் கூடி, மூன்று மணி நேரம் விவாதித்து, ஒரு வரலாற்று முடிவை எடுத்தது. தெருவில் கண்வலி நீங்கும் வரை பத்திரிகையைக் கண் சிவக்காத ஒருவர் மட்டுமே தொடலாம். அவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் எட்ட உட்கார்ந்து கேட்க வேண்டும். கூடியிருந்தவர்களில் இரண்டே பேருக்குத்தான் கண் வெள்ளையாக இருந்தது. நான் ஒருவன், செயலாளர் ஹனீஃபா இன்னொருவர். வயதில் மூத்தவன் என்று பதவியை எனக்குக் கொடுத்தார்கள். என் கண் சிவந்தால் அன்று முதல் ஹனீஃபா வாசிப்பார் என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி என் கையொப்பமும் வாங்கிவிட்டார். தினமும் காலையில் என் கண்ணை ஆவலோடு பார்க்கிறார்.

தறி நிற்கிறது. புடவைக் கரையைத் தனியாகக் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். என் பக்கத்தில் உட்காரும் துரைக்கண்ணுவால் ஐந்து நாளாகக் கண் திறக்க முடியவில்லை. தெருவில் அறுபது வீட்டில் நாற்பத்தொரு வீடு இப்படித்தான். ஆக எனக்கு வேலை இல்லை, கண்ணுக்கு ஒன்றுமில்லை, உங்கள் ஊர் தென்னேரிக்குப் பஸ்ஸும் ஓடுகிறது. குழந்தை பிறந்து இருபது நாளாகிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் வாரம் கல்யாணப் புடவை தறியில் இருந்ததால் வரவில்லை. அது என் தவறு. அதன் பிறகு நடப்பது உன் அப்பாவின் தடை.

அந்தத் தடையை நேரில் சொல்ல ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் முருகேசன் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "கோச்சிக்காதீங்க மாப்ள. டவுன்ல கண்ணு நோவு பரவிக்கினு இருக்குதாம். முப்பதாம் நாள் பேர் வைக்கிறதுக்கு நீங்க வரவேணாம்னு அப்பா சொல்லிட்டாரு. பச்சக் கொயந்த இருக்குதில்ல" என்றார். நியாயம்தான் என்று நான் சொல்லும்போதே கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் அரக்குக் கரை போல இருந்தன. இது என்ன மச்சான் என்று கேட்டேன். "இதுவா? இது சூடு. ஏரிக்கரையில வெயில்ல நின்னுக்கினு இருந்தேன். எங்கூர்ல அந்த நோவு கெடையாது மாப்ள" என்றார்.

வீட்டுக்கு வந்த மச்சானுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்காமல் இருக்க முடியுமா? என் துண்டில் முகம் துடைத்தார், சாப்பிட்டார், என் தலையணையில் படுத்து எழுந்து, மூன்று மணி பஸ்ஸில் ஏறினார்.

தினமும் பத்திரிகை வாசிப்பவன் என்ற முறையில் இந்த நோயைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கல்கத்தாவில் இதற்கு ஜாய் பங்களா என்று பெயராம். அந்தக் கோஷம் போடும் பக்கத்து நாட்டு அகதிகளோடு வந்தது என்கிறார்கள். நமக்கு இது மெட்ராஸ் ஐ. செவிலிமேட்டுக்காரர்கள், நம்மோடு ஒரே டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டே, காஞ்சிபுரத்துக் கண் என்கிறார்கள். கூரத்தில் இது தூசி. உங்கள் ஊரில் சூடு. வேறு ஊரின் பெயரைச் சொல்லும் இடத்தில்தான் இது நோயாக இருக்கிறது. தூசி, சூடு என்று சொல்லும் ஊர்களில் ஒருவருக்கும் நோய் இல்லை. அங்கே கண் மட்டும் சிவந்திருக்கிறது.

தினமும் காலையில் பத்துப் பேர் சூட்டுக் கண்ணோடு வந்து உன்னிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டுக்கொள்கிறார்கள் என்றும், போகும்போது குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஊரே தூக்கலாம். நான்தான் டவுன்காரன்.

அலமு, பாலை வேண்டாம் என்று சொல்ல உனக்கு மனம் வராது. சங்கில் எடுத்து வாசலோடு கொடுத்தனுப்பு. குழந்தையை ஒருவர் கையிலும் கொடுக்காதே, உன் அண்ணன் கையிலும்தான். அவளைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு. அப்பா கோபித்தால் நான் சொன்னதாகச் சொல். என்மேல் அவருக்கு இருக்கிற கோபத்தோடு இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயர் வைக்கும் அன்று, இருபத்துநாலாம் தேதி வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸில் வருகிறேன். என் கண் இரண்டும் வெள்ளை என்று வாசகசாலை முத்திரை குத்தி ஹனீஃபாவிடம் சான்றிதழ் வாங்கிவிட்டேன். அவர் மனமில்லாமல்தான் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன், அப்பாவிடம் காட்டு.

அவள் கண் யாரைப் போல இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நீயாவது ஒரு வரி எழுது. உங்கள் இருவர் கண்ணும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதிகேசவன்

புதன் காலை: இதை நேற்றுத் தபாலில் சேர்க்க முடியவில்லை. சான்றிதழை எடுத்துவிட்டேன். இன்று வாசகசாலையில் பத்திரிகை வாசித்தவர் ஹனீஃபா.